இரணைமடுவில் 36 அடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் பற்றி வந்த கேள்வி இதுதான்: "தை மாதம் இரணைமடு 36 அடி நிறைந்து வான் பாய்ந்ததாகப் படம் போட்டார்கள். சித்திரையில் கூட்டம் வைத்து, முரசுமோட்டையில் என் மாமாவின் 4 ஏக்கரில் 2 ஏக்கருக்குத்தான் சிறுபோகத் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். நிறைந்த குளத்துத் தண்ணீர் எங்கே போனது? யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கத்தான் மறைக்கிறார்களா?"

நான் வன்னியில் குளக்கணக்கோடு பல வருடம் கிடந்தவன். பொறியியலாளர் இல்லை. பொறியியலாளர்களுக்கு எண்களை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த ஆள். அதனால் எண் எங்கே பிறக்கிறது, வழியில் அதற்கு என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும்.

உங்கள் மாமாவுக்குக் கிடைத்த பாதி, கணக்குப்படி கிட்டத்தட்ட சரி. ஆனால் அவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு இருந்தால் அதுவும் நியாயம்தான். ஏன் என்று சொல்ல, அந்த 'அடி' என்ற சொல்லில் இருந்து தொடங்க வேண்டும்.

குளத்து அடி நிலத்தில் இருந்து அளக்கப்படுவதில்லை. துருசின், அதாவது குளத்தில் இருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகின், அடிமட்டத்தைச் சுழியம் என்று வைத்து, அங்கிருந்து மேலே எண்ணுவார்கள். அதற்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. மீனுக்கும் மாட்டுக்கும் எருமைக்கும் அது தண்ணீர், வயலுக்கு இல்லை. அடுத்த சிக்கல், எல்லா அடியும் ஒரே அளவு அடி இல்லை என்பது. குளம் என்பது தட்டையான பெட்டி கிடையாது, சோற்றுத் தட்டு மாதிரி விரிந்துகொண்டு போகும். இரணைமடு 1920களில் கட்டப்பட்டபோது கொள்ளளவு 40,000 ஏக்கரடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கரடி). 1951 அளவில் கட்டை உயர்த்தி 30 அடியில் 82,000 ஆக்கினார்கள். 1977இல் 34 அடியாகி 1,06,500. கடைசியாக 2018இல் 36 அடி, ஏறத்தாழ 1,20,000. கடைசி இரண்டு அடியை மட்டும் பாருங்கள்: அதில் அடிக்குக் கிட்டத்தட்ட 7,000 ஏக்கரடி இருக்கிறது. முழுக் குளத்தையும் 36ஆல் பிரித்தால் சராசரி 3,300தான் வரும். ஆக மேலே ஓர் அடி இறங்குவதும் கீழே ஓர் அடி இறங்குவதும் ஒன்றல்ல. 18 அடியில் நிற்கும் குளத்தைப் பார்த்து 'பாதிக் குளம் இருக்கு' என்று தேநீர்க் கடையில் சொல்பவர் தவறாகச் சொல்கிறார். பாதிக்கு வெகு கீழேதான் இருக்கும்.

(தமிழ்நாட்டு நண்பர்கள் இதைப் படித்தால் டி.எம்.சி. கேட்பார்கள், அதாவது நூறு கோடி கன அடிக் கணக்கு. 36 அடியில் இரணைமடு 5.2 டி.எம்.சி.தான். மேட்டூரின் 120 அடிக்கும் 93 டி.எம்.சி.க்கும் பக்கத்தில் வைத்தால் குட்டை மாதிரி. ஆனால் கிளிநொச்சிக்கு இதை விட்டால் வேறு பெரிய தண்ணீர் இல்லை.)

இப்போது மாமாவின் இரண்டு ஏக்கருக்கு வருவோம். நான் போடுவது கைக்கணக்கு. திணைக்களத்து அட்டவணையில் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

இரணைமடுவின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல். சிறுபோக நெல்லுக்கு, மழை பெய்யாத காலத்தில், துருசில் ஏக்கருக்கு 5 ஏக்கரடி திறக்க வேண்டும் என்று வையுங்கள். 21,000 ஏக்கருக்கும் 1,05,000 ஏக்கரடி. அதாவது சித்திரை முதலாம் நாள் குளம் விளிம்பு வரை நின்றால்கூட மூக்குப்பிடிக்கத்தான் போதும். ஆனால் சித்திரையில் குளம் விளிம்பில் நிற்காது. தையில் வான் பாய்ந்த பிறகு காலபோகத்தின், அதாவது மாரிமழைப் போகத்தின், கடைசித் தண்ணீர் அதில்தான் போனது. 30 அடி இருந்தது என்று வையுங்கள்: 82,000 ஏக்கரடி. வைகாசி, ஆனி வெயிலில் நாளுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும், மாதத்துக்கு அரை அடிக்கும் மேல். ஐந்து மாதத்தில் 11,000 ஏக்கரடி போகலாம். குடிதண்ணீர், மீன், கால்நடை, திருவையாற்று ஏற்று நீர்ப்பாசனம், அடுத்த மழை பிந்தினால் வேண்டிய கையிருப்பு என்று 13,000 ஒதுக்கினால் மிச்சம் 58,000. ஐந்தால் பிரித்தால் 11,600 ஏக்கர். 21,000இல் 11,600 என்றால் பாதிக்குச் சற்று மேலே. உங்கள் மாமாவுக்கு 4க்கு 2 வந்தது அப்படித்தான்.

இந்தக் கணக்கில் மோசடி இல்லை. ஆனால் இதில் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. ஏக்கருக்கு 5 என்பதை 4 என்று எழுதினால் ஒரே வரியில் 2,900 ஏக்கர் கூடும். கையிருப்பை 13,000இல் இருந்து 5,000 ஆக்கினால் இன்னும் 1,600 ஏக்கர். கூட்டத்தில் சத்தம் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது அரசாங்க அதிபர். ஒரு பக்கம் நீர்ப்பாசனப் பொறியியலாளர், எதிரே கமக்காரர் அமைப்புகள். பொறியியலாளர் பயந்து குறைத்துச் சொல்வார், கமக்காரர் துணிந்து கூட்டிக் கேட்பார், நடுவில் ஓர் எண்ணில் கைதட்டல் விழும். நான் பார்த்த கூட்டங்களில் கடைசியாக எழுதப்பட்ட ஏக்கர் தொகை அட்டவணையில் இருந்து வந்ததை விட, மண்டபத்தின் களைப்பில் இருந்து வந்ததே அதிகம்.

மாமாவின் உண்மையான பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த 5 ஏக்கரடி அளக்கப்படுவது துருசில். முரசுமோட்டை, ஊரியான் பக்கம் போகும்போது மைல் கணக்காக வாய்க்கால் தாண்ட வேண்டும். ஊறிப் போவது, உடைப்பில் போவது ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, வழியில் கூடுதலாக விதைத்தவர்களுக்குப் போவது. இடாப்பில் இரண்டு ஏக்கர், வயலில் மூன்று ஏக்கர். வாய்க்காலுக்குப் பக்கத்தில் பதிவே இல்லாத தரவையை இறைப்பு இயந்திரம் வைத்து நனைப்பவரும் உண்டு. கூட்டத்தில் 11,600 என்று எழுதுகிறோம். ஆனால் விதைப்பு முடிந்த பிறகு எத்தனை ஏக்கர் பச்சையாக இருக்கிறது என்று போய் அளப்பவர் யார்? வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட பழைய காலத்து வட்டவிதானைக்கு எவன் எவ்வளவு விதைத்தான் என்று தெரியும். விதைப்பைப் புசலில் கணக்கிட்ட காலம் அது. இத்தனை புசல் விதை போன காணி என்றால் அவ்வளவுதான் தண்ணீர். இப்போது ஏக்கர் கடதாசியில் இருக்கிறது. தண்ணீர் வாய்க்காலில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் ஆள் இல்லை. ஆவணி பிறக்க வாய்க்காலின் கடைப்பகுதி வயல் வெடிக்கும்போது, எழுதிய எண் பிழையா, விதைத்த எண் பிழையா என்று சண்டை வரும். பெரும்பாலும் விதைத்த எண்தான்.

சரி, யாழ்ப்பாணத்துத் தண்ணீர்.

இதைப் பற்றிப் பேசாமல் இரணைமடு பற்றிப் பேச முடியாது. 2010 அளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்த யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தில், இரணைமடுவில் இருந்து நாளுக்கு 27,000 கனமீற்றர் எடுப்பதாக இருந்தது. அந்த ஒரே தண்ணீரை மூன்று விதமாகச் சொல்லலாம், மூன்றும் உண்மை.

முதலாவது: நாளுக்கு 27,000 கனமீற்றர் வருடத்துக்கு ஏறத்தாழ 98 லட்சம் கனமீற்றர், அதாவது 8,000 ஏக்கரடி. அன்றைய 1,06,500 ஏக்கரடிக் குளத்தில் அது ஏழரை வீதம். திட்டக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நூறில் ஏழரையை யார் மறுப்பார்?

இரண்டாவது: ஏக்கருக்கு 5 ஏக்கரடி என்றால் 8,000 ஏக்கரடி என்பது 1,600 ஏக்கர் சிறுபோகம். ஆளுக்கு இரண்டு ஏக்கர் வைத்தால் 800 குடும்பம். கிளிநொச்சிக் கமக்காரருக்கு இந்த எண்தான் கேட்டது. அதுவும் எந்த 800 குடும்பம் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். கடைப்பகுதிதான்.

மூன்றாவது: ஓர் ஏக்கர் சிறுபோக நெல் குடிக்கும் தண்ணீர் 61 லட்சம் லீற்றருக்கு மேல். ஆளுக்கு நாளுக்கு 90 லீற்றர் என்றால் அதில் ஏறத்தாழ 190 பேர் ஒரு வருடம் குடித்துக் குளித்துச் சமைக்கலாம். கிணற்றில் உப்பும் நைத்திரேற்றும் ஏறிய யாழ்ப்பாணத்தாருக்கு இந்த எண்தான் கேட்டது.

ஏழரை வீதம் என்று சொன்னவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள். நிறைந்த குளத்தில்தான் அது ஏழரை. குடிதண்ணீர்க் குழாய் வருடம் முழுக்க, வரட்சியிலும், அதே 27,000ஐக் கேட்கும். சித்திரையில் குளத்தில் 40,000 மட்டும் நிற்கிற வருடத்தில் அது ஐந்தில் ஒன்று. நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் சராசரி மழையை நம்பித் திட்டம் போடுவதில்லை. நாலு வருடத்தில் மூன்று வருடமாவது கட்டாயம் கிடைக்கும் மழையைத்தான், அதாவது 75 வீத நிச்சயத்தைத்தான், எடுப்பார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் அதன் அர்த்தம், நாலாவது வருடம் கணக்கு தோற்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு திட்டம் போடுகிறோம் என்பதுதான். அறிக்கை எழுதுபவருக்கு நாலில் ஒன்று. நகை அடைவு வைத்து விதைத்தவனுக்கு அந்த ஒன்று மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில் இருந்து பேசும்போது, ஒருவர் சராசரியில் பேசுகிறார், மற்றவர் தனக்கு நடந்ததைப் பேசுகிறார். 'படிக்காதவர்கள், கணக்கு விளங்காது' என்று ஓர் அதிகாரி என் காதருகே முணுமுணுத்தார். எனக்கு அப்போது கோபம் வந்தது. கணக்கு அவருக்குத்தான் விளங்கவில்லை.

அதற்குள் போர் முடிந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மீள்குடியேறி, தறப்பாளுக்குள் இருந்து முதல் போகம் செய்த ஆட்களிடம் போய், நீண்டகால மழைப்பதிவு அப்படிச் சொல்கிறது, இப்படிச் சொல்கிறது என்றால்? இடம்பெயர்வுகளின்போது மழைமானியும் இடம்பெயர்ந்தது. பல நிலையங்களின் பதிவேடுகளில் வருடக்கணக்கில் ஓட்டைகள். ஓட்டையை அயல் நிலையத்து எண்ணை வைத்து நிரப்புவது முறைதான், நானே நிரப்பியிருக்கிறேன். ஆனால் நிரப்பியது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு சிறிய குளத்தின் பதிவேட்டில் பன்னிரண்டு நாள் மழை ஒரே மையில், ஒரே சாய்வெழுத்தில், ஒரு திருத்தம்கூட இல்லாமல் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். "மழை பெய்ததுதானே" என்றார்கள். அந்த எண்கள் எந்த அறிக்கையின் எந்தச் சராசரிக்குள் போய்க் கரைந்தன என்று எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத் திட்டம் கடைசியில் என்ன ஆனது என்றால், எதிர்ப்பின் பிறகு இரணைமடுவை விட்டுக் கடல்நீருக்குப் போனது. தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. எனவே உங்கள் மாமாவின் மற்ற இரண்டு ஏக்கரையும் யாழ்ப்பாணத்தார் குடிக்கவில்லை. அந்தச் சந்தேகத்தை விடலாம்.

'வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீர்' என்ற சொல்லையும் இங்கே தொட வேண்டும். அதுவும் ஓர் அளவீடுதான். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், வான் பாய்ந்து கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளத்துக்குப் போகிற தண்ணீரைக் கடலில் விடாமல் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் களப்புக்குத் திருப்புவது. குளத்து நீரைத் தொடாத யோசனை என்பதால் எனக்குப் பிடித்த திட்டம். ஆனால் 'வீண்' என்று எழுதும்போது, களப்பில் இறால் பிடிப்பவன் அந்த நன்னீரை நம்பி இருக்கிறான் என்பதும் கணக்கில் வர வேண்டும். இறாலுக்கு ஏக்கரடி இல்லை. அதனால் அது எந்த அட்டவணையிலும் இல்லை.

இனி, 36 அடி. படம் போட்டார்கள் என்றீர்கள். 2018 டிசெம்பர் 7இல் ஜனாதிபதி வந்து, புனரமைத்த குளத்தைத் திறந்துவைத்தார். இரண்டு கிழமை கழித்து, 21, 22ஆம் திகதிகளில், பெருமழை. கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். வான்கதவுகளை முன்பே திறந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், திறந்ததால்தான் வெள்ளம் என்று இன்னொரு பக்கம், பிறகு விசாரணை என்று போனது.

யார் பிழை என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரணைமடுவின் நீரேந்துப் பிரதேசம் 588 சதுர கிலோமீற்றர். அதில் 100 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 5.9 கோடி கனமீற்றர். பாதி மண்ணிலும் மேலேயுள்ள சிறு குளங்களிலும் நின்றுவிட்டது என்று வைத்தாலும் 2.9 கோடி வரும். புதிதாகக் கூட்டிய இரண்டு அடியின் முழு இடமே 1.7 கோடி கனமீற்றர்தான். ஏற்கெனவே நனைந்த நிலத்தில் ஓரிரவில் அதைவிடப் பெரிய மழை வந்தால், 34இல் நின்ற குளமும் 36க்கு வந்து கதவு கேட்கும்.

அப்படியானால் டிசெம்பரில் குளத்தைக் குறைத்து வைக்க வேண்டியதுதானே? வைக்கலாம். வைத்த பிறகு தையில் மழை வராவிட்டால், சித்திரைக் கூட்டத்தில் 'தண்ணியைத் திறந்து கடலுக்கு விட்டவர்' என்று அதே பொறியியலாளரின் பெயர் வரும். டிசெம்பரில் நிறைத்து வைக்கச் சொல்பவரும், வெள்ளத்தில் கட்டில் மிதந்தவரும் வேறு வேறு ஆட்கள் இல்லை. இரண்டும் கண்டாவளைக் கமக்காரர்தான். இதற்கு வேண்டியது எந்த மாதம் எந்த மட்டத்துக்கு மேலே விடக் கூடாது என்ற ஒரு மட்ட அட்டவணை. அதைப் போகம் தொடங்க முன்பே எல்லாருக்கும் தெரியப்படுத்தி, கமக்காரர் அமைப்பும் கையெழுத்து வைக்க வேண்டும். அப்போது வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் ஒரு தனி மனிதனின் தலையில் விழாது. 36 என்ற எண்ணைத் திறப்பு விழாவில் எல்லாரும் கேட்டார்கள். டிசெம்பர் நடுப்பகுதியில் எத்தனை என்ற எண் யாருக்கும் பாடமில்லை.

சிறு குளங்கள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வன்னி என்றால் இரணைமடு மட்டும் இல்லை. நாட்டில் 200 ஏக்கர், அதாவது 80 ஹெக்டேயர், என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே வயல் உள்ள குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மேலே போனால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. ஆறு ஒரு மாகாணத்துக்குள் முடிந்தால் மாகாணத் திணைக்களம், மாகாணம் தாண்டி வந்தால் மத்திய திணைக்களம். அதனால்தான் இரணைமடு மாகாணத்திடம், அருவியாற்றுத் தண்ணீர் வரும் மன்னார் கட்டுக்கரை மத்தியிடம். துருசு உடைந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதை இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. காடு மூடிய குளங்களின் கதை இன்னும் மோசம். முப்பது வருடம் ஆட்கள் இல்லாமல் அலைகரையில் மரம் வளர்ந்தால், வரைபடத்தில் அது குளமாகத் தெரியாது, காடாகத் தெரியும். குளமென்று நிரூபிக்க ஊரார் பழைய துருசுக் கல்லைத் தோண்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரிலும் இதே கதைதான். புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரத்தில் 1.0. வவுனியாவில் 1.2 உள்ள கிணறு ஒரு கடதாசியில் நல்ல கிணறு, இன்னொன்றில் கூடாத கிணறு. வெயிலில் நாளுக்கு நாலைந்து லீற்றர் குடிக்கும் வயல்காரனுக்கு எது பொருந்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

உங்கள் மாமா என்ன செய்யலாம்? அடுத்த சித்திரைக் கூட்டத்தில் 'ஏன் பாதி' என்று கேட்டால் பதில் வராது. எனக்குத் தெரிந்த அளவில் பதில் வரக்கூடிய கேள்விகள் இவை: இன்று காலை மட்டம் எத்தனை, அதற்கு அட்டவணையில் எத்தனை ஏக்கரடி? ஏக்கருக்கு எத்தனை வைத்தீர்கள், துருசிலா வயலிலா? கையிருப்பு எவ்வளவு, எதற்கு? போன சிறுபோகத்தில் அனுமதித்தது எத்தனை ஏக்கர், விதைத்தது எத்தனை ஏக்கர்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மண்டபத்தில் கொஞ்சம் அமைதி வரும். முன்வரிசையில் இருப்பவர்களில் சிலரே கூட விதைத்தவர்களாக இருப்பார்கள். மாமா தனியாகக் கேட்காமல், ஊரியான் பக்கத்துக் கடைப்பகுதிக்காரர் நாலைந்து பேரோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள்.